எஞ்சினில் வெந்த கேரட்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பில் தேறியவன் கையில் யாரும் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை. அப்படித் தேறிய ஆசாமி நான்தான். நாலு வருஷம் எஞ்சினைக் குறுக்கே வெட்டின மாதிரி படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, பாகங்களுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். ஆனால் காரின் பானெட்டைத் திறக்க எந்த லீவரை இழுக்க வேண்டும் என்பது மட்டும் பாடத்தில் வரவில்லை. (முதல் தடவை நான் இழுத்ததும் திறந்தது பெட்ரோல் டேங்க் மூடி.)

இது நடந்து பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. அப்போது செம்பூரில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். அப்பா விஸ்வநாதன் ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்துநாலு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் செம்பூர் ஸ்டேஷனில் எட்டு பன்னிரண்டு லோக்கல், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. மழையில் தண்டவாளம் முழுகி பம்பாயே லீவு போட்ட நாட்களில்கூட அப்பா எட்டு மணிக்குக் குடையோடு கிளம்பிப் போய், வண்டி வராது என்று பிளாட்பாரத்தில் நேரில் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

வீட்டில் ஒரு கார் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் பெண் வீட்டோடு அமெரிக்கா போகும்போது தள்ளிவிட்டுப் போன சில்வர் கலர் கார். ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்குப் போகும். கோயில், பிறகு மார்க்கெட்டில் வாழைப்பூ, மறுபடி வீடு. மற்ற ஆறு நாளும் கவர் போட்டுத் தூங்கும்.

ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒருநாள் ராத்திரி சாப்பிடுகையில் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடைசி நாளன்னிக்கு ஆபீஸுக்குக் கார்ல போலாம்னு நெனைக்கறேன். ரவி, நீ ஓட்டறயா?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"முப்பத்துநாலு வருஷமா எவனோ ஒருத்தன் அக்குள்ல மூஞ்சியை வெச்சுண்டே ஆபீஸ் போயிருக்கேன். ஒரே ஒரு நாள் என் ஜன்னலை நானே ஏத்தி, நானே எறக்கிண்டு போறேனே" என்றார் அப்பா.

அப்பா தனக்கென்று எதுவும் கேட்டதே கிடையாது. என் காலேஜ் ஃபீஸ் கட்டின வருஷத்தில் பிய்ந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனவர். அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை இது. இதை நடத்திக் கொடுக்காவிட்டால் நான் பிள்ளையே இல்லை என்று மனசுக்குள் சபதம் செய்துகொண்டேன். (சபதம் செய்யும் வயசு அது. இருபத்தி நாலு.)

ஆனால் காருக்கு அப்போது ஒரு வியாதி வந்திருந்தது. ஓடும்போது நன்றாக ஓடும். சிக்னலில் நின்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், விக்கல் எடுத்தவன் மாதிரி உலுக்கிவிட்டு அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் நாகா சிக்னலில் மூன்று தடவை அணைந்து, பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் எங்கள் பரம்பரையையே ஹிந்தியில் விசாரித்தார்கள்.

காரை குர்லாவுக்கு, இஸ்மாயிலின் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். இஸ்மாயில் என்னோடு பத்தாவது வரை மாதுங்காவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தாராவிப் பையன், பூர்வீகம் தென்காசிப் பக்கம். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டில் பேசும் திருநெல்வேலித் தமிழ் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவனிடம் இருந்தது. பத்தாவது பரீட்சையில் சயின்ஸ் பேப்பரை என்னைப் பார்த்துத்தான் எழுதினான். தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வந்த திமிருக்கெல்லாம் மூலகாரணம் இதுதான்.

இஸ்மாயில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் சத்தத்தைக் கேட்டான்.

"ஐடில் வால்வு போயிட்டுல, ரவி."

காலை எடுத்த பிறகும் எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கத் தேவையான காற்றை அளந்து உள்ளே விடும் சின்னச் சாமான் அது. கட்டைவிரல் கனம்தான் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் நிற்கிற இடத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டிவிடும்.

"மாத்திரலாம். வியாழக்கிழமை காலைல கொண்டாந்துரு. அரை மணி நேர வேலை" என்றான்.

நான் பேசாமல் 'சரி' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. "வால்வை மட்டும் கொடு, நானே மாட்டிக்கறேன்" என்றேன்.

இஸ்மாயில் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா?"

"நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்டா."

"அதான் கேக்கேன்."

பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு வால்வையும், கசியாமல் இருக்க அதன் அடியில் வைக்கும் கேஸ்கெட்டையும் எடுத்து வைத்தான். "நல்லாக் கேட்டுக்கோ. இந்த வண்டில வால்வு இருக்க எடத்துக்கு அடியில, எஞ்சினக் குளிர வெக்குத கூலன்ட் ஓடுது. ரெண்டு சின்ன ரப்பர் ஹோஸ் வரும். எஞ்சின் நல்லா ஆறுன பொறவு, மொதல்ல ஹோஸ் ரெண்டையும் இந்தக் கிளிப்பப் போட்டு அமுக்கிரு. அப்புறந்தான் கழட்டணும். இல்லன்னா கூலன்ட் பூரா கொட்டிரும். நேர் கீழ என்ன இருக்கு தெரிமா?"

"ஆல்டர்னேட்டர்" என்றேன். இது படத்தில் நான் அம்புக்குறி போட்ட பாகம்.

"ஆங். பேட்டரிக்குக் கரண்டு குடுக்குததே அதுதான். அதுல கூலன்ட் எறங்குச்சுன்னா அது காலி. மேல ஒரு பிளாஸ்டிக் பைய கட்டிக்கோ. எல்லாம் முடிஞ்சதும் கொறஞ்ச கூலன்ட்ட ஊத்தணும். தண்ணி கலக்கணும்னா சுத்தமான தண்ணி, கொழாத் தண்ணி ஊத்துனா உள்ள உப்புப் படிஞ்சிரும். மூடியத் தொறந்து வெச்சு ஓட விடு. குமிழி வாரது நின்ன பொறவு மூடு. வெளங்குச்சா?"

"நோட்ஸ் எடுக்கணுமா?" என்று கிண்டலாகக் கேட்டுவிட்டு, அவன் கொடுத்த இரண்டு கிளிப்பையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இதற்குள் வீட்டில் அம்மா ஒரு புதுப் பாட்டு ஆரம்பித்திருந்தாள்.

"ஏன்னா, கடைசி நாளும் ட்ரெயின்லயே போங்கோளேன்."

"ஏன்?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

அப்பா சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மறுநாளும் அதே பாட்டு. "கார் நடு வழியில நின்னுடுத்துன்னா?" என்றாள். அதற்கு அடுத்த நாள், "நாள் நன்னா இல்லை, காரை எடுக்க வேண்டாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நான் ரிப்பேர் பண்ணினா ஓடாதுன்னு நேராச் சொல்லிடேன். எதுக்குச் சுத்தி வளைக்கறே?"

அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். என் மேல் நம்பிக்கை இல்லாததைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அப்பாவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பழைய பனியனோடு காம்பவுண்டில் இறங்கினேன். எஞ்சின் ஆறியிருந்தது. ஆல்டர்னேட்டருக்கு மேல் அம்மாவின் பட்டுப்புடவை வந்த கடைப் பையை நன்றாகச் சுற்றிக் கட்டினேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது என்பதால் இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

எங்கள் பில்டிங் வாட்ச்மேன் துபேஜி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பார்வையாளர் ஒருவர் வந்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வால்வு எது, கேஸ்கெட் எது என்று அவருக்கு ஹிந்தியில் பாடம் எடுத்துக்கொண்டே முதல் ஹோஸை இழுத்தேன். இறுக்கமாக இருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வந்துவிட்டது. அதே வேகத்தில் இரண்டாவதும் வந்துவிட்டது.

அப்புறம் பச்சைப் பசேலென்று கூலன்ட் கொட்ட ஆரம்பித்தது.

ஒரு விநாடி எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அடுத்த விநாடி வலது கை ஆள்காட்டி விரலை ஒரு ஹோஸிலும் இடது கை ஆள்காட்டி விரலை இன்னொரு ஹோஸிலும் சொருகிவிட்டேன். கொட்டுவது நின்றது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்தவன் அதற்கப்புறம் நகர முடியாது என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. குனிந்தபடி, இரண்டு கையையும் எஞ்சினுக்குள் விட்டு, வெயிலில் நிற்கிறேன். மூக்கு அரிக்கிறது. அந்த அரிப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அப் க்யா கரேங்கே?" என்று துபேஜி ஆர்வமாகக் கேட்டார். இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று.

"அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காபி கலக்கட்டுமாடா?"

"காபி வேண்டாம்! ஹோஸை அடைக்கணும்! விரல் மொத்தத்துக்கு ஏதாவது கொண்டு வா! சீக்கிரம்!"

எந்த அம்மாவும் இதைக் கேட்டுப் பதறிப்போயிருப்பாள். என் அம்மா பதறவில்லை. அன்றைக்குக் கோசுமல்லிக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இரண்டு கேரட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அரிவாள்மணையில் நுனியைச் சீவிவிட்டு, இரண்டு மாடி இறங்கி வந்தாள். என் ஒரு விரலை உருவச் சொன்னாள். அதே கணத்தில் ஒரு கேரட்டைச் சொருகினாள். மற்ற விரலுக்கும் அப்படியே. ஒரு சொட்டு ஒழுகவில்லை. துபேஜி எழுந்து நின்று "வாஹ் மாதாஜி!" என்றார். இன்ஜினியர் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

பிறகு வேலை ஜோராக நடந்தது. பழைய வால்வைக் கழற்றி, புதியதைக் கேஸ்கெட்டோடு மாட்டினேன். கேரட்டுகளை உருவினேன். ஒன்று முழுசாக வந்தது. இன்னொன்று கொஞ்சம் குட்டையாக வந்தது. அம்மா சீவினதே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஹோஸ்களை மாட்டிவிட்டேன். கொட்டின கூலன்ட் விஷமாயிற்றே, பூனை நக்கிவிடப் போகிறது என்று துபேஜியும் நானும் மண்ணைப் போட்டு வாரி, தரையைக் கழுவிவிட்டோம்.

இனி கூலன்ட் ஊற்ற வேண்டும். அதில் கலக்கத் தண்ணீர் வேண்டும். மேலே பார்த்துக் கத்தினேன்.

"அம்மா, நம்மாத்துலயே ரொம்பச் சுத்தமான தண்ணி எதுவோ அதைக் குடு. கொதிக்க வெச்சு, வடிகட்டி, ஆறினதா இருக்கணும்."

அம்மா ஒரு தூக்கு நிறையக் கொடுத்தாள். வாங்கினேன், கலந்தேன், ஊற்றினேன். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டேன். குமிழி வந்தது. நாலு குமிழி பார்த்தேன். எத்தனை நேரம்தான் குமிழியைப் பார்த்துக்கொண்டு நிற்பது? மூடிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்தார். சாவியைத் திருப்பினேன். ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. எஞ்சின் அணையவில்லை, உலுக்கவில்லை, சீராக ஓடியது. அப்பா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"பேஷ். நீயே பண்ணினயாடா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்துக் காரைக் கழற்றியிருப்பேன். (நல்லவேளை, யாரும் கொடுக்கவில்லை.)

வெள்ளிக்கிழமை காலை. அப்பா புதுச் சட்டை போட்டு, விபூதி இட்டுக்கொண்டு இறங்கினார். முன் சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஜன்னலை ஏற்றினார், இறக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அம்மா டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றை என்னிடம் நீட்டி, பின் சீட்டில் வைக்கச் சொன்னாள். தூக்கவே முடியவில்லை.

"என்னம்மா இது?"

"மைசூர்பாகு. அப்பாவோட சிநேகிதாளுக்கு."

"ஆபீஸ்ல இத்தனை பேரா இருக்கா?"

"இருக்கட்டும்." அப்புறம் கடைசி முயற்சியாக அப்பாவிடம் குனிந்து, "ஸ்டேஷன் வரைக்கும் கார்ல போயிட்டு, அங்கேர்ந்து ட்ரெயின்ல போகலாமோல்லியோ?" என்றாள்.

"நீ உள்ளே போ, நாழியாச்சு" என்றார் அப்பா. அம்மா கண் கலங்கினாள். ரிட்டயர்மெண்ட் துக்கம் என்று நினைத்தேன்.

ஏழேமுக்காலுக்குக் கிளம்பினோம். மெயின் ரோட்டில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு கால் மணி நகரவில்லை. ஆனால் நிற்க நிற்க எனக்குப் பெருமைதான், எஞ்சின் அணையவே இல்லையே! கடைசியில் பொறுமை போய், சுனாபட்டி வழியாகக் குறுக்கே போய்விடலாம் என்று திருப்பினேன். (குறுக்கு வழி கண்டுபிடிப்பதும் மெக்கானிக்கல் இன்ஜினியரின் வேலைதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.) சுனாபட்டி ஸ்டேஷனை ஒட்டின ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு ஆட்டோ, பின்னால் ஒரு டெம்போ. நடுவில் நாங்கள்.

"கேட்டேளா அப்பா? நின்ன எடத்துல எப்படி ஓடறது பார்த்தேளா?"

"பேஷா இருக்குடா" என்றார் அப்பா. அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "யாராத்துலயோ ரசம் கொதிக்கறது."

எனக்கும் வாசனை வந்தது. கம்மென்று சீரக வாசனை. பக்கத்து ஒண்டுக்குடித்தனச் சாலில் ஏதோ தமிழ்க் குடும்பம் இருக்கும் என்றேன்.

"சீரகம் தூக்கலா போட்டிருக்கா" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு அம்மா கொடுத்த தூக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரில் சீரகம் போட்டுத்தான் கொதிக்க வைப்பது வழக்கம். கொதிக்க வைத்தது, வடிகட்டினது, ஆறினது. நான் கேட்டதைத்தான் அம்மா கொடுத்திருக்கிறாள். மெல்ல டாஷ்போர்டைப் பார்த்தேன். சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிப் போயிருந்தது. எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினேன்.

டப்!

பானெட்டின் நாலு பக்கத்திலிருந்தும் வெள்ளையாக ஆவி பீறிட்டது. முன்னால் இருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "பாய் சாப், சாய் பன் கயீ க்யா?" என்று கேட்டார். டீ ரெடியா என்று. பின்னாலிருந்த டெம்போக்காரர் இறங்கி ஓடியே போய்விட்டார்.

சாவியைத் திருப்பிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுகை வந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் மனுஷன் கேட்டது ஒரே ஒரு நாள். அதையும் அவித்துவிட்டேன்.

"மன்னிச்சுடுங்கோப்பா. இஸ்மாயில் கிட்டக் கொடுத்திருக்கணும். எனக்குத் திமிர்."

அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு பதினேழு" என்றார். "எறங்கு."

"எங்கேப்பா?"

"இந்தக் கேட்டு எதுக்கு மூடியிருக்குன்னு நெனைக்கறே? இப்போ ஒண்ணு அந்தப் பக்கம் போகும். அடுத்தது என் வண்டி. எட்டு இருபத்திரண்டுக்கு இங்கே வரும். முப்பத்துநாலு வருஷம் லேட்டாப் போனதில்லை. கடைசி நாளா போறது?"

ஜன்னலை ஒரு தரம் ஏற்றி முடித்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, ஸ்டேஷனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். முதுகு நேராக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மைசூர்பாகு டப்பாவை மறந்துவிட்டார். காரை அப்படியே ஆவி விட்டுக்கொண்டிருக்க விட்டுவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பிளாட்பாரத்தில் மூன்றாவது பெட்டி எங்கே நிற்கும் என்று அப்பாவுக்கு இந்த ஸ்டேஷனிலும் தெரிந்திருந்தது. வண்டி வந்தது. நெஞ்சு முட்டுகிற கூட்டம். மூன்றாவது பெட்டி எங்கள் எதிரில் வந்தபோது, அதன் ஒரு ஜன்னல் முழுக்கச் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். யாருக்கோ ஏதோ பூஜை என்று நினைத்தேன்.

வாசலில் ஒரு கட்டை மனிதர் தொங்கிக்கொண்டிருந்தார், கையில் பெரிய மாலை. அப்பா அடிக்கடி சொல்லும் ஷிண்டே அவர்தான். வாஷியில் ஏறி, தினமும் அப்பாவுக்கு நிற்க ஒரு சாண் இடம் பிடித்து வைப்பவர். முகம் தொங்கிப் போயிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அந்த முகம் மாறினதை என்னால் எழுத முடியாது.

"ஆலே! விஸ்வா சாப் ஆலே!" வந்துட்டார், விஸ்வா சாப் வந்துட்டார் என்று அவர் மராத்தியில் போட்ட சத்தத்தில் பெட்டியே குலுங்கியது. எங்கிருந்தோ ஏழெட்டுக் கைகள் நீண்டு அப்பாவை அலாக்காக உள்ளே தூக்கின. "செம்பூர் மே கஹாங் தே ஆப்?" என்று ஒருவர் அழாக்குறையாகக் கேட்டார், செம்பூரில் எங்கே போய்விட்டீர்கள் என்று. "ஹம் ஸோச்சே, நஹீ ஆயேங்கே!" வரமாட்டார் என்றே நினைத்துவிட்டார்களாம்.

ஜால்ராச் சத்தம் கிளம்பியது. தினமும் ரயிலிலேயே பாடிக்கொண்டு போகும் பஜனை கோஷ்டியும் அந்தப் பெட்டிதான். செவ்வந்தி கட்டின ஜன்னலோரத்தில் அப்பாவை உட்கார வைத்து ஷிண்டே மாலையைப் போட்டார். மூச்சுவிட இடமில்லாத அந்தக் கூட்டத்தில், அப்பாவைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலம் இடம் விட்டிருந்தார்கள். நான் டப்பாவை நீட்டினேன். தலைகளுக்கு மேலேயே அது உள்ளே போய்விட்டது.

அப்பா அழுதுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். இரண்டையும் ஒன்றாக அவர் முகத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டி நகர்ந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று ஜன்னலோடு ஓடினேன். அப்பா கம்பி வழியாகக் கத்தினார்.

"வண்டியை நடு ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கே! ஓரமாத் தள்ளுடா!"

கேட் திறந்து, என் காரைச் சுற்றிப் பாதி சுனாபட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இஸ்மாயிலுக்குப் போன் போட்டேன். அரை மணியில் வந்தான். நன்றாக ஆற விட்டு, பானெட்டைத் திறந்து, கழன்று தொங்கின ஹோஸைப் பிதுக்கினான். பெருவிரல் நீளத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதை அமுக்கிப் பார்த்தான். முகர்ந்தான்.

"ஏல, இது கேரட்டுல்ல?"

நான் பானெட்டில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நல்லாப் பதமா வெந்துருக்கு. சீரகம் வேற மணக்குது." அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. என் கார் பம்பரிலேயே உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "ஹோஸ அடைச்சிருக்கு, நீ ஹோஸ இறுக்குத வளையத்தையும் லூசாப் போட்டுருக்க. அதான் பிச்சுக்கிட்டு வந்துருக்கு. காத்தும் வெளியேத்தல. ஆனா ஒண்ணு. வால்வ சரியாத்தான் மாட்டிருக்க. ஆல்டர்னேட்டரும் நனையல. பாஸ் மார்க் போடலாம்."

"கிளிப் எங்கல? நான் குடுத்தது?" என்று அப்புறம் கேட்டான். தெரியவில்லை என்றேன். மறுநாள் என் பேண்ட்டைத் துவைக்க எடுத்த அம்மாவுக்குத்தான் அது தெரிந்தது. இரண்டும் பாக்கெட்டிலேயே இருந்தன. இரண்டு ஹோஸிலும் விரலை விட்டுக்கொண்டு நான் நின்ற அத்தனை நேரமும் அவை என் தொடையைக் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

சாயங்காலம் ஆபீஸ் காரில், ரோஜா மாலையோடு, ஏழு பேர் புடைசூழ அப்பா வந்து இறங்கினார். எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போனதும் அம்மா உண்மையைச் சொன்னாள். ஒரு மாசம் முன்னாலேயே ஷிண்டே வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறார். சாப் கிட்டே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கார் பேச்சை அப்பா எடுத்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"உன்கிட்டச் சொன்னா அப்பாகிட்டச் சொல்லாம இருப்பயா நீ?"

அது நியாயம்தான்.

"சரி, நீ அழுதுண்டு நின்னயே, அது ரிட்டயர்மெண்ட்டுக்கு இல்லையா?" என்று அப்பா கேட்டார்.

"மைசூர்பாகு வீணாப்போறதேன்னு அழுதேன்" என்றாள் அம்மா.

அப்பா எழுந்தார். ரோஜா மாலையை சாமி படத்துக்குப் போட்டார். வாடிப்போயிருந்த ரயில் மாலையை எடுத்துக்கொண்டு கீழே போனார். இஸ்மாயில் சரி பண்ணிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியில் அதை மாட்டிவிட்டு வந்தார். "இதுக்குத்தான் சேரணும். இது மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா அவா எல்லாரும் அந்தப் பூவை என்ன பண்ணியிருப்பா?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேரட் வெறும் கேரட் இல்லை. "ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிண்டு வா" என்றால் மாதுங்கா மார்க்கெட்டில் கால் கிலோ கேரட் வாங்கி வர வேண்டும் என்று அர்த்தம். என் கல்யாணத்தில் இஸ்மாயில் மொய்க் கவரோடு இரண்டு கேரட்டை ரிப்பன் கட்டிக் கொடுத்தான். பெண் வீட்டார் அதை ஏதோ பம்பாய் வழக்கம் என்று நினைத்து மஞ்சள் குங்குமம் தடவி வைத்தார்கள். என்னை மணந்துகொண்ட பாவத்துக்கு என் மனைவி இந்தக் கதையை இதுவரை நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். அம்மா சொல்லும் கதையில் அப்பாவுக்கு மாலை விழுந்ததே தன் கேரட்டால்தான்.

போன மாசம் எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். ஷோரூமுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சேல்ஸ்மேன் பெருமையாக, இதில் பெட்ரோல் கிடையாது, ஐடில் என்ற பேச்சே கிடையாது என்று விளக்கினான். அப்பா கேட்டார், "கூலன்ட் உண்டா?" உண்டு என்றான். அப்பா ரொம்ப சீரியஸாக, "கேரட் எங்கே போடணும்?" என்றார். பையன் மானேஜரைக் கூப்பிடப் போய்விட்டான்.

வண்டி வந்த மறுநாள் காலை அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். எழுபத்து மூன்று வயசு. ஜன்னலை ஏற்றினார், இறக்கினார். "சுனாபட்டி வழியாப் போ" என்றார். கேட் மூடியிருந்தது. சத்தமே இல்லாமல் வண்டி நின்றது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஷிண்டே இப்போது இல்லை. அந்தப் பெட்டியில் இப்போது யார் யாரோ. லோக்கல் வந்தது, மூன்றாவது பெட்டி எங்களைக் கடந்தது, அப்பா கண் அதோடேயே போய்த் திரும்பியது.

"ரெண்டு நிமிஷம் லேட்" என்றார்.

கேட் தூக்கினார்கள். நான் கிளப்பினேன். அப்பா ஜன்னலை ஏற்றிவிட்டு, மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"என்ன வண்டிடா இது? ஒரு ரச வாசனைகூட இல்லை."